மாப்பிள்ளை அனுப்பிய பாதி விலை கேமரா

பிரவுசிங் சென்டர் நடத்தியவர்களுக்குத் தெரியும்: மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுவது கம்ப்யூட்டரைத்தான், வருகிறவர்கள் நம் மூளையையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். 2005, 2006 வாக்கில் திருவனந்தபுரம் வலியசாலையில் நான்கு கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்களும் அந்தத் தொழிலில் மாட்டியவர் என்றால், தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் எப்படிப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊரறிந்த பாஸ்வேர்டு

மணி சார் அரசாங்க ஆபீஸில் ரிடையரானவர். மகளுக்கு அந்த வருஷம் தலை தீபாவளி. பெங்களூர் மாப்பிள்ளையின் மெயில் பார்க்கத் தினமும் வந்துவிடுவார். கீபோர்டில் அவருக்கு எழுத்து அகப்படாது, நான்தான் அடிக்க வேண்டும். அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொல்வதுபோல பாஸ்வேர்டை உரக்கச் சொல்வார். உட்கார்ந்திருக்கும் மற்ற மூன்று பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். மெதுவாகச் சொல்லுங்கள் என்று கெஞ்சினால் சிரிப்பார். "இங்க யாருப்பா அந்நியா? எல்லாம் நம்ம தெருக்காராதானே!"

கடையா இது?

ஒரு நாள் மாப்பிள்ளை ஒரு மெயிலை ஃபார்வர்டு செய்திருந்தார். தீபாவளிச் சலுகை, டிஜிட்டல் கேமரா பாதி விலை. தன் பங்குக்கு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மாமனாருக்கு அது போதாதா? மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்க மாட்டார், இதுதான் கேட்கிற விதம் என்று முடிவு கட்டிவிட்டார்.

அந்த சைட்டைத் திறந்தால், யாரோ ஒரு தனி ஆளின் பேங்க் கணக்கில் முழுப் பணத்தையும் முன்கூட்டியே போட வேண்டுமாம். தலை தீபாவளிக்கென்று எடுத்து வைத்ததெல்லாம் அதிலேயே போய்விட்டால், மனுஷர் மாப்பிள்ளை முன்னால் வெறுங்கையோடு நிற்க வேண்டும். சந்தேகமாக இருக்கிறது என்றேன். "மாப்பிள்ளை அனுப்பினதையா?" என்று முகம் சிவந்துவிட்டார். என்னோடு வேலை பார்த்த ஷீலா எட்டிப் பார்த்துவிட்டுத் தன் மலையாளத் தமிழில் சொன்னாள்: "ஒரு போன் நம்பர் கூட இல்லல்லோ சாரே, இது என்ன கடையாக்கும்?"

ராகு காலம்

வெள்ளிக்கிழமை பத்தரை மணி. மணி சார் பணத்தோடு வந்து, கணக்கு எண்ணை எழுதிக் கொடு, பேங்குக்குப் போகிறேன் என்றார். வேறு வழி தெரியாமல், "சார், ராகு காலம்" என்றேன். மாப்பிள்ளையைச் சந்தேகிக்காதவர் ராகுவுக்குப் பயந்து உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு மணிவரை எனக்கு அவகாசம்.

சைட்டில் போட்டிருந்த மாம்பலம் முகவரியைக் காட்டினேன். எந்த ஊரைச் சொன்னாலும் அவருக்கு அங்கே ஒரு சொந்தம் இருக்கும். மாமா பிள்ளை அடுத்த தெருவிலேயே குடியிருந்தார். போன் போட்டுக் கொடுத்தேன். அவர் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு, பதினொன்றே முக்காலுக்குத் திரும்பக் கூப்பிட்டார். அவர் குரல் எனக்கே கேட்டது. "மணி, இங்க கேமராவும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை, மாவு மில்லுதான் இருக்கு. மாப்பிள்ளைக்கு ரெண்டு கிலோ சீயக்காய் அரைச்சு அனுப்பட்டுமா?"

பட்சணம்

பணம் தப்பியது. முழு விலைக்கு டவுனிலேயே ஒரு சின்ன கேமரா வாங்கினார். ஆனால் அவர் கவலை தீரவில்லை. தான் காட்டியதை மாமனார் மதிக்கவில்லை என்று மாப்பிள்ளை நினைத்துவிட்டால்?

தீபாவளிக்கு மறுநாள் மணி சாரும் மாப்பிள்ளையும் பட்சணத்தோடு சென்டருக்கு வந்தார்கள். மாப்பிள்ளை அந்த மெயிலைச் சரியாகப் படிக்காமலே தெரிந்தவர்களுக்கெல்லாம் தட்டிவிட்டிருக்கிறார். நாலைந்து நாளில் அவர் ஆபீஸிலேயே ஒருவர் பணம் கட்டி ஏமாந்தது தெரிந்திருக்கிறது. கேமரா பெட்டியில் உள்ளூர்க் கடை பில்லைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்ததாம். எனக்கும் அப்போதுதான் அப்பாடா என்றிருந்தது. அவர் மாமனாரைப் பார்த்துச் சொன்னார்: "போன் பண்ணி வாங்காதீங்கோன்னு சொல்லணும்னுதான் தவிச்சேன் மாமா, ஆனா நீங்க வாங்கப்போறேள்னு நான் எதிர்பார்த்த மாதிரி ஆயிடுமே!"

மாமனாரும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் காட்டுகிற மரியாதைக்கு நடுவில் ஒரு திருடன் தாராளமாக வீடு கட்டிக் குடியேறலாம் என்பதுதான், மக்களே, நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டது.