நூறிலிருந்து ஏழு ஏழாக

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் தங்கள் சங்கத்துக்கு என்னை மூன்று முறை போட்டியின்றித் தலைவராகத் தேர்ந்தெடுத்தவர்கள். அதற்குமுன் முப்பத்தோராண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தேன். திண்டுக்கல்லில் எந்த மண்டபத்துக்குப் போனாலும் முன்வரிசையில் யாராவது எழுந்து எனக்கு இடம் தருவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் நடந்ததை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும்.

என் பேத்தி மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறாள். மனநலப் பிரிவில் இரண்டு வாரம் இருந்து, ஒரு நோயாளியையாவது முழுமையாக விசாரித்து, குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அவளும் தோழிகளும் அந்த இரண்டு வாரமும் வார்டுக்கு வெளியே உட்கார்ந்து, மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கான கேள்விகளைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். காரணம் கேட்டேன்.

"மனநலத்துல நாலு கேள்விதான் வரும் தாத்தா. அதுக்குப் போயி யாரு மெனக்கெடுவா?"

மனித மனத்துக்கு நாலு கேள்வி. இவர்களிடம்தான் நாளை ஊர் வைத்தியத்துக்குப் போக வேண்டும்.

கையெழுத்து வாங்க வேண்டிய நாளைக்கு முதல் நாள் அவளுக்கு ஒரு நோயாளி தேவைப்பட்டார். வீட்டில் நான் இருந்தேன். பத்து நிமிடம் பேச வேண்டும் என்றாள். நோயாளியாக என்று சொல்லவில்லை. இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்றெல்லாம் கேட்டாள். பொறுத்துக்கொண்டேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது, எனக்கு ஒரு நோயும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அவள் எழுதியது இது: எரிச்சல் மிகுதி. ஒத்துழைக்கவில்லை. தமக்கு நோய் இருப்பதை உணரவில்லை.

நோயில்லாதவன் வேறு என்ன சொல்வான்? நோயாளியின் பெயரை எழுதக் கூடாது என்பதைக் கவனமாகப் பின்பற்றியவள், வயதையும், அகரத்துக்காரர், ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர் என்பதையும் எழுதியிருந்தாள். எங்கள் ஊரான அகரத்தில் அப்படி இன்னொருவர் இருந்தால் எனக்குக் காட்டட்டும்.

தோழிகள் பார்த்து எழுதுவதற்காக அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் கடையில் கொடுத்திருக்கிறாள். சங்கச் சுற்றறிக்கையை நகலெடுக்க அங்கே காத்திருந்த எங்கள் செயலாளர் அவற்றைப் படித்துவிட்டார். அவர் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர். ஒரு வரியையும் விட்டிருக்க மாட்டார், படித்ததை நாலு பேரிடம் சொல்லாமலும் இருந்திருக்க மாட்டார்.

அடுத்த வாரம் பொதுக்குழு. தலைவர் தேர்தல் வந்ததும் செயலாளர் எழுந்தார்.

"ஐயா நமக்கு நெறையாச் செஞ்சுட்டாக. இனி செத்த ஓய்வெடுக்கட்டும்."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். சர்க்கரை என்று கேள்விப்பட்டிருந்தால் ஆளுக்கொரு மாத்திரையின் பெயரைச் சொல்லி என்னைச் சூழ்ந்திருப்பார்கள். நான் எழுந்து, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று ஆரம்பித்தேன். இரண்டு வரை நிறுத்தவில்லை. முடித்தபோது ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். என் தலைவர் பதவி அந்த இடத்தில் போயிற்று.

பேத்திக்குக் கையெழுத்துக் கிடைத்தது. நல்ல கேஸ் என்று பாராட்டினார்களாம்.

"பிரஷர் பாக்குற மாதிரிதான தாத்தா இதுவும்? ஊருதான் பெருசு பண்ணுது" என்றாள். அவள் சொன்னது சரிதான் என்பது என் எரிச்சலைக் கூட்டியது.

புதிய சுற்றறிக்கையில், நான் உடல்நலம் கருதி விலகியதாக அச்சிட்டிருக்கிறார்கள். நான் விலகவில்லை, விலக்கப்பட்டேன். எழுபத்திரண்டுக்குப் பிறகு தடுமாறினேன் என்று பேசுவதும் பொய். அறுபத்தைந்து என்றேன். அறுபத்தைந்துதான்.