புதுக்கோட்டை ஸ்டேஷனில் மோர்ப் பானையோடு

ரங்கூனில் குண்டு விழுந்த செய்தி வந்தபோது எனக்கு இரண்டு பிள்ளைகள். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு மரக்கடையில் வேலை பார்த்தார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எங்கள் பக்கத்தில் பர்மாவுக்கு ஆள் போகாத தெருவே குறைவு. அந்த மாதங்களில் எந்த வீட்டுக்குப் போனாலும் அழுகைதான். எனக்கு அழுதுகொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எங்கள் கிராமத்திலிருந்து புதுக்கோட்டை ஸ்டேஷன் நடந்துபோகிற தூரம். மலையும் காடும் தாண்டி வங்காளம் வரைக்கும் நடந்தே வந்தவர்கள், அங்கிருந்து ரயில் பிடித்து ஒவ்வொருவராக வந்து இறங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு பானை மோரைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய் நின்றேன். மாமியாருக்குப் பிடிக்கவில்லை. ஆண்கள் வந்துபோகிற இடத்தில் நான் போய் நிற்பது நன்றாகவா இருக்கிறது என்று கேட்டார்.

"வர்றவங்ககிட்ட ஒங்க மகனைப் பத்திக் கேக்கணுமில்ல, அயித்தை" என்றேன். அதற்குமேல் அவர் தடுக்கவில்லை.

முதலில் நான் பேசியவர் கீரமங்கலத்துக்காரர். வீங்கிய பாதங்களில் வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார். மோரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். என் வீட்டுக்காரரை அவருக்குத் தெரியாது. ஆனால் கறம்பக்குடிக்காரர் ஒருவர் தன்னோடு நடந்து வந்ததாகவும், காய்ச்சலில் வழியில் தங்கிவிட்ட அவர் இப்போது தேறிவருவதாகவும் சொன்னார். அவர் வீட்டுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும், தன்னால் இனி ஓரடிகூட நடக்க முடியாது என்றார். நான் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். நான் இந்தச் செய்தியைக் கொண்டுபோனால், எனக்கான செய்தியை இன்னொருவர் கொண்டு வர மாட்டாரா என்று ஒரு நினைப்பு.

பெட்ரோல் கிடைக்காத காலம். கரிப்புகையில் ஓடும் பஸ் மேடு கண்ட இடத்திலெல்லாம் நின்றது. அதற்கு முன் நான் கறம்பக்குடியைப் பார்த்ததில்லை. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்த மனிதரின் மனைவி என் வயதுக்காரி. முற்றத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டாள். பிறகு எழுந்து எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிடும்போது என் வீட்டுக்காரரின் உயரம், நிறம், அங்க அடையாளம் எல்லாவற்றையும் கேட்டாள். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கும் என்றேன்.

"என் தம்பி கல்கத்தாவுல ஒரு மெஸ்ல சமையல் பாக்குறான். அங்கிட்டு வந்து சேர்ற நம்ம பக்கத்து ஆளுக அவன்கிட்டதான் சாப்பிட வர்றாங்களாம். சொல்லிவைக்கிறேன்" என்றாள்.

ஸ்டேஷனில் நான் தனியாக நின்றது கொஞ்ச நாள்தான். அரிமளம் பக்கத்திலிருந்தும் ஆலங்குடி பக்கத்திலிருந்தும் பெண்கள் வரத் தொடங்கினார்கள். யார் எந்தத் திசையில் திரும்பிப் போகிறாளோ, அந்தத் திசைச் செய்தியெல்லாம் அவள் பொறுப்பு. எல்லாம் நல்ல செய்தியாக இருக்கவில்லை. அரிமளத்துக்கு அருகே ஒரு வீட்டுக்கு, மகன் வழியிலேயே இறந்துபோனான் என்ற செய்தியை நான்தான் கொண்டுபோனேன். அந்தத் தாய் என் கையை விடவேயில்லை. அன்று அங்கேயே இருந்து அவர்கள் வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சினேன். பத்து நாள் கழித்து அவரும் ஒரு பானையோடு ஸ்டேஷனுக்கு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். நாங்கள் நகர்ந்து இடம் கொடுத்தோம்.

கோடையில் ஒருவர் வந்து இறங்கினார். மரக்கடை, புருவத் தழும்பு என்று நான் சொல்லத் தொடங்கியதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கால் புண்ணாகிச் சிட்டகாங் முகாமில் கிடக்கிறார், எழுந்து நடக்க முடியவில்லை என்றார். நான் வீட்டுக்குப் போகவில்லை. மாமியாருக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் கறம்பக்குடி பஸ்ஸில் ஏறினேன். அதற்குள் அங்கே எனக்குச் சோறு போட்டவளின் கணவர் ஊர் வந்து சேர்ந்திருந்தார். உடம்பு தேறாத நிலையிலும் எங்களோடு தபாலாபீசுக்கு வந்து, கல்கத்தாவிலிருந்த மைத்துனருக்குத் தந்தி எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தம்பி என் வீட்டுக்காரரைப் பார்த்ததே இல்லை. மெஸ்ஸில் விடுப்புச் சொல்லிவிட்டுச் சிட்டகாங்குக்கு ரயிலேறினார். முகாமில் நீளக் கொட்டகை நிறைய ஆட்கள் படுத்துக் கிடந்தார்களாம். பாதிப் பேர் பேசும் நிலையில் இல்லை. புருவத் தழும்பைத் தேட முடியாதபடி முகமெல்லாம் முடியும் அழுக்கும் மூடியிருந்தது. அவர் ஒவ்வொரு வரிசையாக நடந்துகொண்டே எங்கள் பக்கத்து ஊர்ப் பேர்களை உரக்கச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்.

"கறம்பக்குடி, கீரமங்கலம்னு காதுல விழுந்தப்ப காய்ச்சல்ல பெனாத்துறேன்னு நெனச்சேன். புதுக்கோட்டைன்னதும் கையத் தூக்கிட்டேன்" என்று என் வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார்.

கல்கத்தாவுக்குக் கூட்டிவந்து தன் அறையிலேயே வைத்துப் புண் ஆறும்வரை சோறு போட்டு, ஊர் திரும்பும் தஞ்சாவூர்க்காரர்கள் துணையில் அவரை அந்தத் தம்பி ரயிலேற்றினார். திருச்சியில் கீரமங்கலத்து ரயில்வே ஊழியர் ஒருவர் வண்டி மாற்றிவிட்டார். புதுக்கோட்டையில் என் வீட்டுக்காரர் இறங்கியபோது நான் வேறு யாருக்கோ மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயம் மாமியாரும் என்னோடு வர ஆரம்பித்திருந்தார். எலும்பும் தோலுமாக இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மாமியார்தான், "அந்தா, எம் மகன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்தார்.

அவர் கால் முழுசாகச் சரியாகவில்லை. திரும்ப அயல்நாட்டுக்குப் போகாமல் எங்கள் நிலத்தையே பார்த்துக்கொண்டார். பர்மாவிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தவரை நாங்கள் ஸ்டேஷனுக்குப் போவதை நிறுத்தவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு அந்தத் தம்பிக்குக் கறம்பக்குடியில் கல்யாணம் நடந்தது. ஸ்டேஷனில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் போயிருந்தோம். எங்களில் ஒருவர்கூட அவருக்கு உறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் என்று எங்களைத்தான் முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். பரிமாற வந்த பெண் வீட்டுக்காரர் ஒருவர், மாப்பிள்ளைக்கு என்ன முறை வேண்டும் என்று என் மாமியாரைக் கேட்டார்.

"எனக்கு ரெண்டாவது மகனுங்க" என்றார் மாமியார், இலையில் தண்ணீர் தெளித்தபடி.