சத்தம் அடக்கிய வண்டி

செங்கத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு மெக்கானிக் சாக்கை விரித்துப் போட்டு, என் மொபெட்டின் சைலன்சர் குழாயைக் கழற்றி அதன்மேல் வைத்தார். எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம். குழாயின் வாய் கரி அடைத்து, தேய்ந்த உலக்கைப் பூண்போலச் சுருங்கிக் கிடந்தது. அவர் அதைத் தேங்காய் மட்டை நெருப்பில் சுட்டு, கல்லில் தட்டி, உள்ளே இருந்த கரியைச் சில்லுசில்லாகக் கொட்டினார். இந்தக் கதையின் முதல் பாதியை நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். என் பணி ஓய்வு விழாவில்கூடச் சொன்னேன். மலைக்குப் போகிற சுகாதாரப் பணியாளர் ஒருவர், ஆட்கள் ஓடிவிடாமல் இருக்க வண்டியின் வாயைப் பொத்திக்கொண்டு போனார் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் முன்பே நான் உட்கார்ந்துவிட்டேன். மீதிப் பாதியை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஜவ்வாது மலையில் பன்னிரண்டு சிற்றூர்கள் என் பொறுப்பு. காய்ச்சல்காரர்களின் விரல் நுனியைக் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் எடுத்து அனுப்புவேன், மாத்திரை கொடுப்பேன், கிணற்றில் மருந்து போடுவேன். பஸ் ஒரு நாளைக்கு ஒன்று வந்தால் உண்டு. அதனால்தான் அந்த மொபெட்டை வாங்கினேன். சைக்கிளுக்கு இஞ்சின் வைத்ததுபோல இருக்கும். பெடலை மிதித்துக் கிளப்ப வேண்டும். செங்குத்தான இடங்களில் இஞ்சினோடு சேர்ந்து நாமும் மிதித்தால்தான் ஏறும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுவதால் பின்னால் நீலப் புகை விட்டுக்கொண்டே வரும். சத்தமோ, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல. ஆனால் மலையில் அந்தச் சத்தத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. இரண்டு மேட்டுக்கு அப்பால் நான் வரும்போதே ஊருக்குக் கேட்டுவிடும். நான் போய்ச் சேரும்போது காய்ச்சல் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் பாதையோரம் வந்து நிற்பார்கள். என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. நான் மாத்திரை சார்.

ஓர் ஊரில் கடைசி வீட்டில் ஒருவர் இருந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். சாமையும் கொஞ்சம் கேழ்வரகும் விதைப்பார். இரண்டு புளிய மரங்கள் உண்டு. மனைவி, ஆறு வயதில் ஒரு மகள். வேறு பிள்ளைகள் இல்லை. அவர் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன். கடைசி வீட்டுக்காரர் என்றே சொல்கிறேன். முதல் மழையில் என் வண்டி அவர் கொல்லைக்குப் பக்கத்தில் நின்றுபோனது. பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்க்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்து பார்த்தார். பிறகு மேடு முடியும்வரை பின்னாலிருந்து தள்ளிவிட்டார். அதிலிருந்து நான் எப்போது போனாலும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. "உங்க வண்டி இன்னிக்கு இருமிகினு வந்துச்சே, இன்னா ஆச்சி?" என்று கேட்பார். சத்தத்தை வைத்தே வண்டியின் உடம்பு சொல்கிறவர். அவருடைய மகள் அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டிக்கொண்டு என் பின்னால் ஓடி வருவாள்.

அந்த ஆண்டு கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் சேர்க்கும் வேலையும் எங்கள் தலையில் விழுந்தது. பங்குனி முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஐந்து ஆண்களைக் கொண்டுவர வேண்டும். கூட்டத்தில் என்னை எழுப்பி நிற்கவைத்து, "மலையில சும்மா ஊர் சுத்திட்டு வர்றியா?" என்று மேலதிகாரி கேட்டார். வேலை நிரந்தரமாகவில்லை. கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் கொடுமைக்கு ஆளானவன் அல்ல, பயந்தவன், அவ்வளவுதான். முதல் இரண்டு மூன்று முறை மலையில் போய்ப் பேசிப் பார்த்தேன். நாலைந்து பிள்ளை பெற்றவர்களில் நான்கு பேர் சம்மதித்து வந்தார்கள். அதோடு செய்தி பரவிவிட்டது. அதன்பிறகு வண்டிச் சத்தம் கேட்டதும் ஆண்கள் எல்லோரும் காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். நான் போய் நிற்கும்போது ஊரில் பெண்களும் கோழிகளும்தான் இருக்கும். அடுப்பில் பாதி வெந்த சோறு இருக்கும். ஐந்துக்கு ஒன்று குறைவு. நாள் மூன்று மீதி.

அப்போதுதான் மெக்கானிக்கிடம் போனேன். சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்றேன். "இன்னாத்துக்கு சார்? சத்தம் கேட்டாத்தானே வளைவுல ஆளு ஒதுங்குவான்" என்றார். தலைவலி என்று சொன்னேன். அவர் சைலன்சரின் உள்குழாய்க்கு மேல் இன்னொரு ஓட்டைக் குழாய் செருகி, நடுவில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்தார். "ரெண்டு ஸ்ட்ரோக்கு வண்டி, வுட்ற மூச்சு வெளிய போயே ஆவணும். ரொம்பப் பொத்துனா மேட்டுல சூடாயி நின்னுடும். பாத்துக்கினு போங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மாட்டினார். கிளப்பிப் பார்த்தபோது தையல் மெஷின்போலச் சன்னமாக ஓடியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

அந்த ஊர் ஒரு சரிவின் அடியில் இருந்தது. மறுநாள் காலை மேட்டின் உச்சியில் இஞ்சினையும் நிறுத்திவிட்டேன். பிரேக்கைப் பிடித்துப்பிடித்து, சருகின்மேல் டயர் உரசுகிற ஓசை மட்டும் கேட்க, ஊருக்குள் உருண்டு இறங்கினேன். என்னை முதலில் பார்த்த இரண்டு ஆண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கடைசி வீட்டுக்காரர் ஓடவில்லை. வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு புளியைத் தட்டி ஓடு எடுத்துக்கொண்டிருந்தவர், திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சார், பூனையாட்டம் வந்து நிக்கிறீங்க. வண்டிக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?" என்றார். ஒரே பிள்ளை உள்ளவரை ஆபரேஷனுக்கு நான் கூப்பிட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அதாவது, தெரியும் என்று நினைத்திருந்தார்.

பத்து நாளுக்கு முன் அவருக்கு ரத்தம் எடுத்திருந்தேன். முடிவு வந்திருந்தது, ஒன்றும் இல்லை. நான் சொன்னது வேறு. "உங்க ரத்தத்துல காய்ச்சல் இருக்குங்க. மாத்திரையில போகாது. செங்கத்துல ஊசி போடணும். வுட்டா பொண்ணுக்கும் தொத்திக்கும்." மகள் பேச்சை எடுத்ததும் அவர் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார். மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, "போய்ட்டு சாயந்தரம் வந்துடுவேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, என் பின்னால் கேரியரில் உட்கார்ந்தார். அவர் வண்டியில் உட்கார்வது அதுதான் முதல் முறை. வளைவுகளில் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வழியெல்லாம், பொண்ணுக்கு ஒன்றும் ஆகாதே, ஆகாதே என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஆகாது என்று நானும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

செங்கத்தில் கருத்தடை முகாமில் படிவத்தை நிரப்பியது என் கைதான். குறைந்தது இரண்டு பிள்ளை இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு என்று எழுதினேன். அவர் கேட்காமலே கட்டைவிரலை நீட்டினார். அவர் உள்ளே இருந்தது கால்மணி நேரம். வெளியே வந்தபோது, ஆபரேஷன் முடிந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒருவர் அவரிடம் ஏதோ சொல்வதும், அவர் திரும்பத்திரும்ப ஏதோ கேட்பதும் தூரத்திலிருந்து தெரிந்தது. பிறகு அவர் தலையைத் திருப்பி என்னைத் தேடினார். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். மலைக்குப் போன ஜீப்பில் அவரை ஏற்றிவிட்டது வேறு ஒருவர். மறுவாரக் கூட்டத்தில் மேலதிகாரி என் பெயரைச் சொன்னபோது கை தட்டினார்கள்.

மெக்கானிக்கிடம் போய் இரும்பு நாரை எடுத்துவிடச் சொன்னேன். வண்டி மேடு ஏறவில்லை என்று காரணம் சொன்னேன், அதுவும் உண்மைதான். பழையபடி சத்தம் போட்டுக்கொண்டு மலைக்குப் போனேன். சத்தத்தைக் கேட்டு மாத்திரைக்கு வருவார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. யாரும் வரவில்லை. இப்போது பெண்களும் பிள்ளைகளும்கூடக் காட்டுக்குள் போய்விட்டார்கள். ஊர் ஊராக மூடிய கதவுகளின் முன்னால் நின்று, மாத்திரைப் பொட்டலங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். கடைசி வீட்டுப் பக்கம் நான் போகவே இல்லை. மாத அறிக்கையில் காய்ச்சல் எத்தனை பேருக்கு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி அனுப்பினேன்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலை நான் மலையேறிக்கொண்டிருந்தபோது, பாதி மலையில், எதிரே மூன்று பேர் இறங்கி வந்தார்கள். கடைசி வீட்டுக்காரர் மகளைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மனைவி தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு பின்னால் வந்தாள். மகளின் கால்கள் துணிபோலத் தொங்கின. வண்டி பக்கத்தில் வரவர அந்தப் பெண் திமிறத் தொடங்கினாள். காய்ச்சலில் கண் திறக்க முடியாதவள், அப்பாவின் கழுத்தை நகத்தால் பிராண்டி, கீழே இறங்கி ஓடப் பார்த்தாள்.

"அத்த நிறுத்துங்க சார்" என்றார் அவர். "சத்தம் கேட்டா காட்டுல போய் ஒளிஞ்சிக்கன்னு நாங்கதான் சொல்லி வச்சிருக்கோம். அதான் பயப்படுது."

நிறுத்தினேன். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டேன். ஆறு நாள். காலையிலிருந்து பேச்சு சரியாக இல்லை. நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு, "ஏறுங்க, இஞ்சின் போட மாட்டேன், எறக்கத்துல அப்படியே உருட்டிகினு போயிடலாம்" என்றேன். அவர் மனைவி என்னைப் பார்க்காமலே, "நாங்க நடந்தே போய்க்கிறோம். நீங்க போங்க" என்றாள். அவர் மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"பொண்ண உக்கார வைக்கிறேன்" என்றார். "உங்க பின்னால நான் உக்கார மாட்டேன் சார்."

கோபமே இல்லாமல் சொன்னார். பெண்ணைச் சீட்டில் உட்காரவைத்து, சாயாமல் இருக்கத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். வண்டியில் போயிருந்தால் முக்கால் மணி நேரம். அடிவாரம் வந்து சேர நான்கு மணி நேரம் ஆனது. வழியில் மழை பிடித்தது. இடையில் ஏற்றம் வந்த இரண்டு இடங்களில் நான் முன்னாலிருந்து இழுக்க, அவர் ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பின்னாலிருந்து தள்ளினார். முதல் மழையில் தள்ளியதுபோலவே முழங்கையை ஊன்றித் தள்ளினார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன். அடுத்த வளைவில், அடுத்த வளைவில் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே மலை முடிந்துவிட்டது. அடிவாரத்தில் ஒரு லாரி நின்று ஏற்றிக்கொண்டது. அவர்கள் மூவரும் அதில் போனார்கள். நான் பின்னால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் உடனே பாட்டில் ஏற்றினார்கள். மலைக்காய்ச்சல் தலைக்கு ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். இரண்டாம் நாள் பெண் கண் விழித்துக் கஞ்சி கேட்டாள். பிழைத்துக்கொண்டாள் என்பது உறுதியான அந்த நேரத்தில் நானும் கட்டிலின் பக்கத்தில் நின்றிருந்தேன். நர்சம்மா சீட்டை எழுதிக்கொண்டே, நல்ல மனதோடுதான், அவரிடம் கேட்டார்: "ஒரே பொண்ணாப்பா? கூட ஒண்ணு பெத்துக்கறதுதானே?"

அவர் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவர் இப்போது சொல்லிவிடுவார் என்று நின்றேன். சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"போதும்மா" என்றார் அவர். "இது ஒண்ணே போதும்னு நாந்தான் ஆபரேசன் பண்ணிக்கினேன்."

என் வேலையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரா, ஏமாந்தவன் என்று மனைவிக்கு முன்னால் இன்னொரு தரம் சொல்லிக்கொள்ளக் கூசினாரா, எனக்குத் தெரியாது. அவர் என் பக்கம் பார்க்கவில்லை. மகளின் வாயோரத்தில் ஒட்டியிருந்த கஞ்சியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

நர்சம்மாவுக்கு ஆச்சரியம். பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "மலையில இவ்ளோ வெவரமான ஆளா! நீங்க எடுத்துச் சொன்னதா சார்?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.