பலகையின் மறுமுனையைப் பிடித்தவர்

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே வருடங்கள் ஓடிவிட்டன. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மிஷினுக்குச் சந்தனம் வைக்கும்போது, இந்த வருஷமாவது எழுதிவிடலாம் என்று தோன்றும். பொரிகடலையைப் பங்கிட்டு முடிப்பதற்குள் மனம் பின்வாங்கிவிடும். உயிரோடு இருக்கிற அண்ணனைப் பற்றித் தம்பி எழுதலாமா என்ற கூச்சம் ஒரு பக்கம். அதிகம் படிக்காதவன், எங்கேயாவது வார்த்தை தவறி விழுந்துவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். ஏற்கெனவே ஒரு வார்த்தை அப்படி விழுந்ததால்தான் இத்தனையும்.

காக்களூரில் ஒரு சின்ன கம்பெனியில் ஃபிட்டராக இருக்கிறேன். வீடு வேப்பம்பட்டில். கார் நிறுத்தக் கட்டிய இடத்தில் கார் இல்லை. அதுதான் என் பட்டறை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாமி படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுப்பேன். திருத்தணிக்கோ திருப்பதிக்கோ போய் வந்தவர்கள் படத்தைச் சுருட்டிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வருவார்கள். கூலி வாங்குவதில்லை. ஆண்டவனுக்கு என்னால் முடிந்த கைங்கரியம்.

சட்டத்தின் நாலு மூலையும் சரிபாதிச் சாய்வில் வெட்டினால்தான் ஒன்றோடொன்று பொருந்தும். அதற்காகவே ஒரு மைட்டர் சா வாங்கினேன். கைப்பிடியைப் பிடித்துக் கீழே இறக்கினால் வேண்டிய சாய்வில் வெட்டித் தரும் மின்ரம்பம். அதைத் தரையில் வைத்து, குந்தி உட்கார்ந்து வெட்டுவேன். நீளச் சட்டத்தின் மறுமுனை தொங்கினால் வெட்டு பிசகும், மூலையில் இடைவெளி விழும். அந்த மறுமுனையைப் பிடித்தவர் என் அண்ணன்.

அண்ணன் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்காலையில் வேலை பார்த்தவர். வலது தோள் கெட்டுப்போனதும் வேலையை விட்டார். அண்ணியும் போய்ச் சேர்ந்த பிறகு, ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். கும்மிடிப்பூண்டியில் வண்டி ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி மாறி, நெற்றியில் விபூதியும் கையில் வேர்க்கடலைப் பொட்டலமுமாக வந்து நிற்பார்.

"புடிச்சிக்கினியாண்ணா?"

"நான் புடிச்சிக்கினுதான் கீறேன். நீ மொதல்ல அளவப் பாரு. கணக்குல ரெண்டு தபா பெயிலானவன் கையில கோணமானி. முருகா, உன் படத்த நீதான் காப்பாத்திக்கணும்."

"நீ இன்னா பெரிய காலேஜா?"

"நான் தூக்கினு நிக்கறவன். எனக்கு எதுக்குடா காலேஜ்?"

ரம்பம் ஓடும்போது பேச முடியாது. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில்தான் எங்கள் பேச்செல்லாம். வாரம் முழுக்க யாரிடமும் சொல்லாததை அந்த இடைவெளியில் சொல்லிவிடுவார்.

நாளாக ஆக, வெட்டு முடிந்ததும் அவர் தூணில் சாய்ந்து தோளைத் தேய்ப்பதைப் பார்த்தேன். "வலிக்குதாண்ணா?" என்றால், "கொசு கடிக்குதுடா" என்பார். ஒரு அமாவாசையன்று திருவள்ளூர் பெருமாள் கோயில் குளத்தில் அவர் தோளுக்காக வெல்லம் கரைத்தேன். வெல்லம் கரைவதுபோல நோவும் கரையும் என்பது அங்கே நம்பிக்கை. கரைத்துக்கொண்டிருக்கும்போதே, வேண்டிக்கொண்டு மட்டும் இருந்தால் போதுமா, கையில் தொழில் கொடுத்திருக்கிறானே என்று தோன்றியது.

கம்பெனிக்கு மிஷின் வந்த பெட்டியின் பைன் கட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தேன். ஓவர்டைம் இருக்கிறது என்று பொய் சொல்லி அண்ணனைச் சில வாரம் வரவிடவில்லை. வேலை சாதாரண வேலைதான். நடுவில் ரம்பம் உட்காரத் தாழ்வாக ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் நீளமாக மேசை. ரம்பத்தின் தட்டும் மேசைகளும் ஒரே மட்டத்தில் வர வேண்டும், அவ்வளவுதான். மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தரை சாய்ந்திருந்ததால் ஒரு பக்கக் கால்களுக்கு அடியில் சன்மைக்கா துண்டு கொடுத்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றபோது பெருமாளுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

ஆயுத பூஜைக்கு அண்ணனை அழைத்தேன். மூத்தவர் என்று அவர்தான் கற்பூரம் காட்டினார். அன்றைக்குக் கருவிகளுக்கு ஓய்வு. மறுநாள் விஜயதசமி, காலையில் தேங்காய் உடைத்துவிட்டு முதல் வெட்டு. நீளச் சட்டத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அண்ணன் பழக்கத்தில் மறுமுனைக்குப் போய் இரண்டு கையையும் நீட்டினார்.

"நீ உக்காருண்ணா. இனிமே ஆளே வேணாம். பாரேன்."

சட்டம் அசையாமல் கிடந்தது. வெட்டினேன். மூலைகளைச் சேர்த்துக் காட்டினேன், தலைமுடி நுழைய இடமில்லை. அண்ணன் கட்டைவிரலால் மூலையைத் தடவிப் பார்த்தார். "சுத்தமா கீது" என்றார். பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சாப்பிட்டுவிட்டு, வழக்கமாகப் போகும் வண்டிக்கு முந்தைய வண்டியிலேயே போய்விட்டார்.

"உன் தோளுக்காகத்தான்ணா செஞ்சேன்" என்பது என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் நல்ல நாளில், ஒரு வேலை தொடங்கும் நேரத்தில், வலி, நோவு என்று வாயெடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். நான் அதை மீறியதில்லை. அன்றைக்கும் மீறவில்லை. அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அண்ணன் வரவில்லை. தண்டவாளத்தில் வேலை நடக்கிறது, வண்டி இல்லை என்றார். அதற்கடுத்து ஒரு கல்யாணம். அப்புறம் காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

"தோளுக்காகன்னு வாயத் தொறந்து சொல்லியிருந்தா மாமா இப்டி இருப்பாரா? பலகைய மட்டும் நல்லா அளந்துட்ட" என்றாள் மனைவி.

கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். அண்ணன் கடைக்கு அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். மேசை செய்தது அவர் தோளுக்காகத்தான் என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

"எனக்கு வலிக்குதுன்னு நான் எப்பனா சொன்னனா?"

வலி தெரிந்தால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் அவர் கொசுவைச் சொல்லியிருக்கிறார். அது அந்த டீக்கடையில்தான் எனக்கு உறைத்தது.

ஸ்டேஷன் வரை கூட வந்தார். "ஆளு வேணும்னா சொல்லுடா" என்றார். வேணும்ண்ணா, இப்பவே வா என்று சொல்லியிருக்க வேண்டும். ஆள் பிடிக்கிற வேலை எதுவும் இப்போது இல்லையே என்று என் புத்தி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி வந்துவிட்டது. "உடம்பப் பாத்துக்கோண்ணா" என்று ஏறிவிட்டேன்.

அதற்குள் சொந்தக்காரர்கள் வாயில் இது வேறு கதையாகிவிட்டது. மிஷின் வந்ததும் அண்ணனை வேணாம்னுட்டான் என்று ஒரு கல்யாணப் பந்தியில் என் காதுபடவே பேசினார்கள். அது அண்ணன் காதுக்கும் போயிருக்கிறது.

இந்த வருட ஆயுத பூஜைக்குப் பிறகு வலது பக்க மேசையைக் கழற்றிவிட்டேன். அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"பலகை தொங்குதுண்ணா."

"அத எதுக்குடா கழட்ன? நல்லாதான கீது?"

"ஆள் வேணும்ண்ணா."

"பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டிச் சத்தம் கேட்டால் ரம்பத்தை நிறுத்திவிட்டு வாசலைப் பார்க்கிறேன். முன்பு தோளுக்காக வேண்டிக்கொண்ட குளத்தில் இப்போது எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் வெல்லத்தை மட்டும் கரைத்துவிட்டு வருகிறேன்.

என் வாயால் சொன்னால் அண்ணனுக்கு அது சமாதானப் பேச்சாகத்தான் படுகிறது. பொய்க்கதை பிறத்தியார் வாயால்தான் அவரிடம் போனது. உண்மையும் அப்படியே போகட்டும் என்றுதான் எழுதினேன். இதை யாருக்காவது சொல்வதாக இருந்தால் உப்பு புளி சேர்க்காமல் சொல்லுங்கள். என்னை நல்லவனாக்க வேண்டாம், அவரைக் கோபக்காரராக்க வேண்டாம். "ஆளே வேணாம்" என்று நான் சொன்னதையும் விட்டுவிடாதீர்கள். அதற்குப் பக்கத்திலேயே, அன்றைக்கு நான் விழுங்கிய அந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.