சாமைக் காட்டில் ஓடிய கார்ட்டூன்

வெள்ளிமலைக்கு மேலே எங்கள் சாமைக் காட்டில் குருவி விரட்ட நான் ஒரு ஜப்பான் கார்ட்டூனை ஓடவிட்டேன். தகரம் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோயிருந்தது. கல்லூரி முடித்தவள் என்ற திமிரும் கொஞ்சம் உண்டு. வாளோடு ஒருவன் பூதங்களை வெட்டிக்கொண்டே தொலைந்த அம்மாவைத் தேடிப் போகும் தொடர் அது. தமிழில் பேசும். விடுதியில் பைத்தியம் பிடித்தாற்போல் பார்த்திருக்கிறேன். கூச்சலும் வெடியும் அதிகமுள்ள ஒரு பகுதியின் சத்தத்தை மட்டும் மெமரி கார்டில் ஏற்றினேன். திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்து, ஸ்பீக்கரைக் காட்டுக் காவல் பரணில் கட்டினேன். ஒரு குருவி அண்டவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அண்ணன் ஆந்திரா பக்கம் வேலைக்குப் போய்த் தகவலே இல்லாமல் அப்போது இரண்டு வருடம். திங்கட்கிழமை தோறும் அம்மாவும் நானும் மலையிறங்கிக் கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்குப் போய், அவனைத் தேடித் தரச் சொல்லி மனு கொடுத்துவிட்டு வருவோம். அம்மா ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பனி மூடிய காட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால் உடனே பதில் சொல்லக் கூடாது. பேயாக இருந்தால் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது. மூன்றாவது தடவையும் கேட்டால் ஆள்தான். அப்போது "வா" என்று சொல்லலாம்.

ஸ்பீக்கர் கட்டிய அன்று மதியமே பனி இறங்கிவிட்டது. அம்மா வாசலில் தானியம் புடைத்துக்கொண்டிருந்தாள். காட்டுப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அம்மா, நான் வந்துட்டேன்."

முறம் நின்றது. மறுபடியும் அதே குரல். அந்தத் தொடரின் நாயகன் பூட்டிய கோட்டை முன் நின்று கூப்பிடும் இடம் அது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பனியில் மற்ற சத்தமெல்லாம் அமுங்கிக் குரல் மட்டும் வந்தபோது எனக்கே அண்ணன் குரல் போலத்தான் இருந்தது. சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டது.

"வா சாமி. வூட்டுக்கு வா," என்றாள் அம்மா.

ஓடிப்போய் ஸ்பீக்கரை நிறுத்தினேன். திரும்பி வந்து கார்டைக் காட்டினேன்.

"கார்ட்டூன்மா. நான்தான் போட்டு வச்சேன்."

"சரி. அதுல எத்தினி வாட்டி கூப்ட்டான்?"

"மூணு."

"அப்புறம் இன்னா?" என்று முறத்தை எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மனுவை எழுதி வைத்துக்கொண்டு கிளம்பச் சொன்னேன். அம்மா அசையவில்லை.

"வந்துட்டவன எங்க போய்த் தேடிகினு இருக்கறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவனைத் தேட இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆளையும் நானே நிறுத்திவிட்டேனே என்று அழுகையும் வந்தது. மனுவைத் தரையில் வீசினேன்.

"யாரும் வரலம்மா. இனிமே அவன யாருமா தேடுவாங்க?" என்று கத்தினேன்.

அம்மா எழுந்துபோய் உள்ளறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தாள்.

"கத்தாதடி. இப்பதான் கண்ணசந்தான்."

நான் குனிந்து, சத்தம் வராமல், காகிதங்களைப் பொறுக்கத் தொடங்கினேன்.