மண் இல்லைங்க, மட்டைத் தூள்!

தேங்காய் மட்டைத் தூள் விற்கிறவளுக்கு வெளிநாட்டுப் பயணம் என்பது, எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டுத் தரையைக் கூட்டிவிட்டு வருவதுதான்.

சாம்பிள் பெட்டியோடு அலைகிற சகோதர சகோதரிகளே, நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரமாக, வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் எங்கள் கம்பெனி. மட்டையிலிருந்து நாரை எடுத்தபின் மிஞ்சுகிற தூளைக் கழுவி, களத்தில் உலர்த்தி, செங்கல் மாதிரி அழுத்திக் கட்டியாக்கிக் கப்பலில் அனுப்புகிறோம். அங்கே மண்ணுக்குப் பதிலாக இதில்தான் செடி வளர்க்கிறார்கள். தூளின் தரத்துக்கு நான் பொறுப்பு. அதனால் எந்த நாட்டில் எவர் செடி வாடினாலும் விமானம் ஏறுவது நான். முதலாளி கந்தசாமியண்ணன் ஏற மாட்டார். அவருக்கு எஸ்கலேட்டரே ஆகாது.

பெட்டியில் என்ன?

நெதர்லாந்து விமான நிலையத்தில் என் பெட்டியை மோப்ப நாய்கூடக் கண்டுகொள்ளவில்லை. அதிகாரிதான் கண்டுகொண்டார். பழுப்பு நிறத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு, அழுத்திக் கட்டிய செங்கல். யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"தேங்காய்த் தூள்" என்றேன். சாப்பிடுவதா என்றார். இல்லை, செடி வளர்ப்பது என்றேன். அப்படியானால் மண் என்றார். மண் கொண்டுவரக் கூடாதாம். மண் இல்லை என்று நானும், மண்தான் என்று அவரும் வெகுநேரம் நின்றோம். கடைசியில் பொறுமை போய், "தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மண் என்றால் கரையும்" என்று சொல்லிவிட்டேன். சொன்னவள், அது ஊறிப் பல மடங்கு உப்பும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அவர் ஒரு தட்டில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். தட்டு நிரம்பியது. மேசை நிரம்பியது. மேசையிலிருந்து அவருடைய பளபளப்பான பூட்ஸ் மேல் கொட்டியது. நான் விளக்குமாறு கேட்டு வாங்கிக் கூட்டிக்கொண்டிருக்கும்போது, மனிதர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"சரி, இதை மறுபடியும் சின்னதாக்குவது எப்படி?"

விடியாத ஊர்

முதலாளிக்கு உலகம் முழுக்க ஒரே கடிகாரம். தோப்புக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு, காப்பி குடித்துவிட்டு, தெம்பாக எனக்குப் போன் போடுவார். எனக்கு அப்போது கோழிகூடக் கூவாத நேரம்.

"அண்ணா, இங்க இன்னும் விடியலீங்க" என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. பூமி உருண்டை, சூரியன் அந்தப் பக்கம் என்றெல்லாம் படுத்தபடியே பாடம் எடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் 'ம்' கொட்டிக் கேட்பார். கேட்டுவிட்டுச் சொல்வார்:

"இங்க வெயில் சுள்ளுனு அடிக்குது, நீ இன்னும் இருட்டுங்கற. சன்னலத் தொறந்து பாத்தியா அம்மிணி?"

நீங்க எந்தூரு?

நெதர்லாந்தில் நான் தங்கிய ஊரில் ஓர் இந்தியக் கடை. தயிர் வாங்கப் போனேன். கல்லாவில் இருந்த அம்மாள் மலையாளி. என் பாஸ்போர்ட்டும் கேரளம், ரேஷன் கார்டும் கேரளம், படித்தது பாலக்காட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரி. உரிமையோடு மலையாளத்தில் பேசினேன். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "தமிழத்தி ஆயிட்டும் மலையாளம் எத்ர நன்னாயிட்டு பறயுந்நு!" என்று தமிழச்சி மலையாளம் பேசும் அழகைப் பாராட்டினார். நான் பாலக்காட்டுக்காரி என்று சொன்னேன். அதற்கும் பாராட்டினார்.

எனக்குப் பின்னால் சென்னைக்காரத் தம்பதி நின்றிருந்தார்கள். சரி, இவர்களாவது நம் ஆட்களாயிற்றே என்று திரும்பி நாலு வார்த்தை தமிழில் பேசினேன். ஊர் கேட்டார்கள், சொன்னேன். அந்தப் பெண் கணவரின் கையைத் தட்டிச் சொன்னாள்:

"பாருங்களேன், கேரளாக்காரங்களா இருந்தும் தமிழ் எவ்ளோ அழகாப் பேசறாங்க!"

முளைத்தது

நான் போனதே யான் என்பவரைப் பார்க்கத்தான். கண்ணாடிக் கூடாரத்துக்குள் ஸ்ட்ராபெரி வளர்க்கிறவர். எங்கள் தூள் நிரப்பிய பைகளில், ஸ்ட்ராபெரிக்கு நடுவே ஏதோ முளைத்திருப்பதாகப் புகார். இது சாதாரணப் புகார் இல்லை. தூளில் களை விதை இருக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்தால், கடலில் வந்துகொண்டிருக்கும் சரக்கு அத்தனையும் திரும்பிவிடும். அப்புறம் எங்கள் களத்தில் வேலை செய்கிற பெண்களுக்கு மறுநாளிலிருந்து வேலை இருக்காது.

குனிந்து பார்த்தேன். பச்சைப்பசேலென்று நின்றது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு நப்பாசை. கொஞ்சம் தள்ளிப் போய் முதலாளிக்கு வீடியோ கால் போட்டு, தாழ்ந்த குரலில், "அண்ணா, இது என்னன்னு தெரியுதுங்களா?" என்றேன். மனிதர் பள்ளிக்கூட நண்பனைப் பார்த்த மாதிரி சிரித்துக் கூவினார்: "அட, நம்ம வேலியோரத்துக் குப்பக்கீரையாச்சே! கடல் தாண்டிப் போயும் எப்படித் தளதளன்னு நிக்குது பாரு!"

யான் வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "உங்கள் முதலாளி ஏன் சிரிக்கிறார்?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். காற்றில் வந்த விதை என்று அவர் ஊர் மேலேயே பழி போட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த மனிதர் கூடாரத்துக்கே காற்று நுழையாதபடி கதவு மேல் கதவு போட்டு வைத்திருக்கிறார். "எங்கள் களத்துக் கீரை. தூள் காயும்போது விதை விழுந்திருக்கிறது. தப்பு எங்களுடையது" என்றேன். அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வரச் சொன்னார். அன்று சாயங்காலம் வரை இரண்டு பேரும் வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்தோம். ஒரே ஒரு கப்பலில் வந்த சரக்கில்தான் கீரை. மற்ற பைகள் சுத்தம். அந்தச் சரக்கை மட்டும் மாற்றிக் கொடுங்கள், களத்தைச் சுற்றி வலை கட்டிப் படம் அனுப்புங்கள், கடலில் இருப்பதைச் சோதித்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு அழுகை வந்தது. இடுப்பு வலியினாலும்தான்.

பிடுங்கியதையெல்லாம் மூட்டை கட்டி எரிக்கக் கொடுத்தார். ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், பெருமூச்சு விட்டுச் சொன்னார்:

"இத்தனை உரம் போட்டும் என் ஸ்ட்ராபெரி ஒருநாளும் இந்த வேகத்தில் வளர்ந்ததில்லை. இதற்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள்?"

என்ன பாத்தே?

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கக்கூட இல்லை, பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா வந்துவிட்டார். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் பூந்தோட்டமாமே, காட்டு என்றார். போனைக் கொடுத்தேன். அக்கா தள்ளத் தள்ள வந்தது: தூள் பை, தூள் பையின் அடிப்பக்கம், வேர், தண்ணீர்க் குழாய், ஈரம் அளக்கிற கருவி, மறுபடி தூள் பை. பூ இருந்தது, ஸ்ட்ராபெரிப் பூ. அதுவும் பைக்குப் பின்னால் மங்கலாக.

வலை கட்டப் போகிற விஷயத்தை, களத்துப் பெண்களின் வேலை பிழைத்த விஷயத்தை எல்லாம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா போனை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தார்:

"ஏஞ்சாமி, இதப் பாக்கறதுக்கு நம்ம களத்துக்கு டவுன் பஸ்ஸுல போனாப் பத்தாதா?"

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த இடமில்லாத அளவுக்குச் சுற்றியிருக்கிறேன், ஆனால் நான் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்த ஒரே வெளிநாட்டுக் காட்சி, ஏதோ ஒரு விமான நிலையத்தில் வராத பெட்டிக்காகக் காத்திருந்தபோது காலியாகச் சுற்றிக்கொண்டிருந்த ரப்பர் பட்டைதான்.