திறப்பு விழாவுக்குக் குடத்தோடு போனவள்

திறப்பு விழா என்ற சொல்லை என் அம்மா அப்படியே நம்பிவிட்டாள். அதனால்தான் குடத்தோடு போனாள்.

திருமங்கலத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊரில் அரசாங்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி முடித்திருந்தது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. தொட்டி ஊருக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் நின்றது. ஊர் என்றால் நிலம் வைத்திருந்தவர்கள். தெரு என்றால் அந்த நிலத்தில் வேலை செய்தவர்கள். கிணறு ஊருக்குள் இருந்தது. எங்கள் பெண்கள் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். யாராவது மனது வைத்து இறைத்து ஊற்றினால் தண்ணீர். கயிற்றைத் தொடக் கூடாது. இது எனக்கும் தெரியும். வெயில் சுடும் என்று தெரிந்திருந்ததைப் போல.

எனக்கு அந்த விழாவில் வேண்டியிருந்தது சர்க்கரைப் பொங்கல். பெரிய பூசை, முந்திரிப்பருப்பு போட்ட பொங்கல் என்று தாய்மாமா பல நாளாக ஆசை காட்டியிருந்தார். ஒரு வாழையிலைத் துண்டைக் கழுவி, மடித்து, வீட்டிலிருந்தே எடுத்துப் போனேன்.

அம்மா களையெடுப்பிலிருந்து நேராக வந்தாள், இடுப்பில் அலுமினியக் குடத்துடன். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏக்கா, திறப்பு விழாவுக்கு யாராச்சும் குடத்தத் தூக்கிட்டு வருவாங்களா? மாலை போடுவாங்க, பேசுவாங்க, போயிருவாங்க. தண்ணி நாளைக்கோ என்னைக்கோ."

"திறக்கத்தானடா போறாங்க? திறந்தா தண்ணி வராதா?"

ஊர்க்காரர்கள் பந்தலுக்குள் இருந்தார்கள். நாங்கள் கருவேல மரத்தடியில் நின்றோம். பூசாரி தாம்பாளம், தேங்காய், பூசணிக்காய் எல்லாம் வைத்துத் தயாராக இருந்தார். பக்கத்தில் பொங்கல் அண்டா ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கோயிலில் முதல் மரியாதை வாங்கும் பெரிய வீட்டுக்காரருக்குத்தான் இங்கேயும் முதல் தேங்காய் மூடி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பிறகு வரிசைப்படி மற்றவர்கள். மிச்சமிருந்தால் கருவேல மரத்தடி.

ஜீப்பில் வந்து இறங்கிய அதிகாரி ஒல்லியாக, வேர்த்துப் போய் இருந்தார். நெற்றி நிறையத் திருநீற்றுப் பட்டை. அதைப் பார்த்ததும் பூசாரியின் முகம் மலர்ந்தது. என் முகமும்தான். அவரோ தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இங்க வேணாங்க. அரசாங்க விழா. குழாயைத் திறந்தாப் போதும்" என்றார்.

பெரிய வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "பூசை போடாத தண்ணிய எவன் குடிப்பான்? நெத்தியில இம்புட்டுப் பட்டை போட்டுக்கிட்டு நீங்க இப்பிடிச் சொல்லலாமா?"

அதிகாரி கைக்குட்டையால் வேர்வையைத் துடைக்கப் போய், பட்டையில் பாதியைச் சேர்த்துத் துடைத்துவிட்டார். "நெத்தி என்னோடதுங்க. தொட்டி அப்பிடி இல்ல. பூசையக் கோயில்ல வைங்க, நானும் வந்து கும்பிடுறேன். இங்க வச்சா, யாரு முன்ன யாரு பின்னங்கிற வரிசையும் கூடவே வந்துரும்."

"அப்ப யாருதான் திறக்கிறது?"

அவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "குடம் கொண்டாந்தவங்க யாராச்சும் வாங்கம்மா."

வெள்ளை வேட்டிகளும் பட்டுச்சேலைகளும் திரும்பிப் பார்த்தன. குடம் ஒருத்தியிடம்தான் இருந்தது. அம்மா நகரவில்லை. "போக்கா, உன்னையத்தான்" என்று மாமா முதுகில் கை வைத்துத் தள்ளினார். காலில் காய்ந்த சேற்றோடு அவள் நடந்து போய்க் குழாயைத் திருகினாள். முதலில் வெறும் காற்று சீறியது. பிறகு துருத் தண்ணீர். அதற்குப் பிறகுதான் நல்ல தண்ணீர்.

"பேச்சு மொதல்ல, துரு அடுத்து, தண்ணி கடைசி. அரசாங்கத் தொட்டிதான், சந்தேகமில்ல" என்றார் மாமா. பந்தலுக்குள்ளும் யாரோ சிரித்துவிட்டார்கள். சற்று நேரத்தில் ஒரு பட்டுச்சேலைக்காரி தன் மகளைக் கூப்பிட்டு, "ஓடிப் போயி நம்ம குடத்த எடுத்தா" என்றாள். பூசை போடாத தண்ணீரை அன்றே குடித்தார்கள்.

பொங்கல் அண்டா கோயிலுக்குப் போனது. அங்கே எங்களுக்கு வழியில்லை. மடித்த இலையோடு அழுதேன். அந்த அதிகாரி மேல் எனக்கு இருந்த கோபம் வெகுகாலம் தீரவில்லை.

இன்று வில்லாபுரத்தில் என் வீட்டுக் குழாயைத் திறக்கும்போது, சில நாட்களில் பாதி அழிந்த அந்தப் பட்டை ஞாபகம் வரும். அவர் பெயர் தெரியாது. கூட்டத்தில் பேசப் பயப்படும் ஆள் நான். அவரும் அப்படித்தான் என்று இப்போது தோன்றுகிறது. நேரில் நன்றி சொல்ல வழியில்லாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

தொட்டியிலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். ஆனால் அன்று அம்மா நிறைகுடத்தோடு எதிர்ப்பக்கம், ஊருக்குள் திரும்பினாள். "ஏம்மா சுத்திப் போறோம்?" என்று அழுகையோடு கேட்டேன். "சும்மா வாடி" என்றாள். கிணற்றடி வந்ததும் நின்றாள். குடத்தை இறக்கவில்லை. அங்கே யாரும் இல்லை. கயிறு மட்டும் தொங்கியது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இடுப்பு வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.